எம்கேட் நாளைக் குறிப்பதற்கு முன்

என் மகள் கல்லூரியின் முதல் வகுப்பில் போய் உட்காருவதற்கு முன்பே, அவள் மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வான எம்கேட்டை எழுத வேண்டிய நாளை என் கணவர் எக்செல் தாளில் மஞ்சள் பூசி வைத்துவிட்டார். 2021 ஆகஸ்டில் அவள் சேர்ந்தாள். தேர்வு 2024 ஏப்ரல் கடைசி வாரம் என்று அந்தத் தாள் சொன்னது. கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி மண்டபம், சமையல்காரர், பத்திரிகை, ஜவுளி என்று எண்ணிக்கொண்டு வருவதுபோல, அந்த மஞ்சள் கட்டத்திலிருந்து பின்னோக்கிப் பயிற்சி வகுப்பு, புத்தகம், விடுமுறை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியிருந்தார். எங்கள் இருவருக்கும் தெரிந்த திட்டமிடல் அதுதான். தாளில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: அந்த மூன்று ஆண்டுகளில் அவள் எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் படிப்பாள் என்பது.

போன மாதம் பேர்லாந்து மீனாட்சி கோயில் உணவுக்கூடத்தில் தெரிந்த பெண் ஒருத்தி, "அக்கா, எங்க பொண்ணு ஆகஸ்ட்ல காலேஜ் சேர்றா, டாக்டருக்குப் படிக்கணும்ங்கறா, எம்கேட் எப்ப எழுதணும்?" என்று கேட்டாள். "முதல் செமஸ்டர்ல என்னென்ன பாடம் எடுக்கப் போறா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ பேசுகிறேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளுக்கு அன்று சொல்ல முடியாமல் போன முழுப் பதிலையே இங்கே எழுதுகிறேன். நாங்கள் ஹியூஸ்டன் பக்கம் வசிப்பவர்கள் என்பதால், நான் சொல்வதில் டெக்சாஸ் மாநிலத்து நடைமுறை சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

நான் தொண்ணூறுகளில் மதுரையில் பிளஸ் டூ படித்தவள். உயிரியலுக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து நூறு, நுழைவுத் தேர்வுக்கு நூறு, ஆக மொத்தம் முந்நூறு என்ற ஒற்றைக் கூட்டுத்தொகைதான் எங்கள் வாழ்க்கையைப் பிரித்துப் போட்டது. அதற்குப் பிறகு அந்த நுழைவுத் தேர்வு போய், நீட் வந்து, வடிவங்கள் மாறினாலும், ஒரு நாள், ஒரு மதிப்பெண், ஒரு தரவரிசை என்ற மனக்கணக்கு எங்கள் தலைமுறைக்கு மாறவே இல்லை. அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமெரிக்க முறையைப் பார்த்தால் எம்கேட்தான் இங்கத்து நீட் என்று தோன்றும். அந்த ஒப்பீடே எங்கள் பிழைகளுக்கெல்லாம் தாய்.

இங்கே மருத்துவப் பள்ளி என்பது பட்டப்படிப்புக்குப் பிறகு வருவது. நான்கு ஆண்டு இளங்கலை, அதன் பிறகு நான்கு ஆண்டு மருத்துவம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893இல் திறந்தபோதே பட்டம் பெற்றவர்களைத்தான் சேர்ப்போம் என்றது; ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து 1910இல் வெளியிட்ட அறிக்கை, கல்லூரியில் அறிவியல் படிக்காதவர்களை மருத்துவத்தில் சேர்ப்பதன் தீமையைப் போட்டு உடைத்தது. நுழைவுத் தேர்வின் முன்னோடி 1928இல்தான் உருவாகிறது. ஆக, வரலாற்றிலேயே பாடம் முன்னால் வந்தது, தேர்வு பின்னால் வந்தது. என் கணவரிடம் இதை ஒருமுறை சொன்னேன், அவர் ரசிக்கவில்லை.

மருத்துவப் பள்ளிக்கு முந்தைய தயாரிப்புப் படிப்பை இங்கே பிரீமெட் என்பார்கள், ஆனால் அப்படி ஒரு தனிப் பட்டம் கிடையாது. வரலாறோ இசையோ எதை முதன்மைப் பாடமாக எடுத்தாலும், மருத்துவப் பள்ளிகள் கேட்கும் முன்தேவைப் பாடங்களை முடித்திருந்தால் போதும். ஆய்வகத்துடன் ஓராண்டு உயிரியல், ஆய்வகத்துடன் ஓராண்டு பொது வேதியியல், அதன்மேல் கரிம வேதியியல், ஆய்வகத்துடன் ஓராண்டு இயற்பியல், ஒரு செமஸ்டர் உயிர்வேதியியல், ஆங்கிலம், புள்ளியியல் அல்லது கணிதம் என்பது பெரும்பாலான பள்ளிகளின் பட்டியல். பள்ளிக்குப் பள்ளி சிறு மாறுதல்கள் இருக்கும். அவற்றை அந்தந்தப் பள்ளியின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலை விட முக்கியமானது அதற்குள் ஒளிந்திருக்கும் வரிசை. பொது வேதியியல் இரண்டு செமஸ்டர் முடிந்தால்தான் கரிம வேதியியலுக்கு அனுமதி, அது முடிந்தால்தான் உயிர்வேதியியலுக்கு அனுமதி. இந்த ஒரு சங்கிலியே நான்கு அல்லது ஐந்து செமஸ்டர்களை விழுங்கிவிடும். அதாவது, சாதாரணமாக நடந்தால், மூன்றாம் ஆண்டின் முதல் செமஸ்டரில்தான் பிள்ளை உயிர்வேதியியலைத் தொடுகிறது. இடையில் எங்கேனும் ஒரு கண்ணி வழுக்கினால் எல்லாமே ஓர் ஆண்டு தள்ளிப்போகும், ஏனென்றால் சில கல்லூரிகளில் சில பாடங்கள் இலையுதிர் பருவத்தில் மட்டுமே நடக்கும்.

இந்தச் சங்கிலியைச் சுருக்கிவிடலாம் என்ற ஆசையில்தான் நாங்கள் முதல் பள்ளத்தில் விழுந்தோம். உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடங்களைப் படித்து, தேர்வெழுதி, பட்டத்துக்கான பாட அளவில் சேரும் கிரெடிட் வாங்கிக்கொள்ளும் ஏபி முறை இங்கே உண்டு. நம்மவர் வீடுகளில் பிள்ளை எத்தனை ஏபி எடுத்தது என்பது, எத்தனை பவுன் போட்டார்கள் என்பதற்கு இணையான பேச்சு. என் மகள் ஏபி வேதியியலில் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தாள். அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு பொது வேதியியலை முற்றிலுமாகத் தாண்டி, கல்லூரியின் முதல் செமஸ்டரிலேயே கரிம வேதியியலில் உட்காரலாம் என்று அறிமுக நாளில் ஓர் ஆலோசகர் சொன்னார். இரண்டு செமஸ்டர் மிச்சம்! நாங்கள் மூவரும் அன்று இரவு வெளியில் போய்ச் சாப்பிட்டோம்.

அந்த வகுப்பில் அவளோடு உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் ஆண்டு மாணவர்கள். அவர்களுக்குக் கல்லூரியில் எப்படிப் படிப்பது என்று தெரிந்திருந்தது. ஆய்வக அறிக்கை எழுதத் தெரிந்திருந்தது. பேராசிரியர் அறைக்குப் போய்க் கேள்வி கேட்கும் துணிவு வந்திருந்தது. இவளோ புது ஊர், புது அறைத்தோழி, முதல்முறையாகத் தானே துவைத்துக்கொள்ளும் துணி என்று தடுமாறிக்கொண்டிருந்தாள். கரிம வேதியியலில் வேதிவினைகளை உருப்போட்டு ஒப்பிக்க முடியாது. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று ஒவ்வொரு முறையும் வரைந்து பார்த்துப் பழக வேண்டும். இரண்டாம் இடைத்தேர்வு முடிந்தபோதுகூட அவள் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. டிசம்பரில் சி பிளஸ் வந்தது.

அப்போது எங்களுக்குத் தெரியாமல் போன ஒன்றை, இதைப் படிக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் இலையுதிர், வசந்த செமஸ்டர்களில் வகுப்பு நடக்கும் பன்னிரண்டாவது நாளுக்குள் ஒரு பாடத்தைக் கைவிட்டால் அது மதிப்பெண் பட்டியலில் சுவடே இல்லாமல் போய்விடும். அந்த நாள் கடந்த பிறகு, கல்லூரி குறித்த கெடுவுக்குள் விலகினால் டபிள்யூ என்று ஓர் எழுத்து பதிவாகும், ஆனால் ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரியில் அது சேராது. அரசுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு முழுவதற்கும் இப்படி ஆறு பாடங்களைத்தான் கைவிடலாம் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது என்பதால், இதை விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் முதல் செமஸ்டரில் விழும் ஒரே ஒரு டபிள்யூவை மருத்துவப் பள்ளிகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் "பாதியில் விடுவது" என்பது கெட்ட வார்த்தையாக இருந்ததால், அவள் அதைக் கேட்கவே அஞ்சியிருக்கிறாள். அந்தக் குற்றம் எங்களுடையது.

அந்த சி பிளஸ் எவ்வளவு சேதம் செய்தது என்று பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாடு முழுவதற்குமான விண்ணப்பச் சேவையான ஆம்காஸ், ஏவுக்கு 4.0 புள்ளியும் சி பிளஸ்ஸுக்கு 2.3 புள்ளியும் கொடுக்கும். பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வைத்து, மற்ற எல்லாவற்றிலும் ஏ வாங்கினால், மூன்று கிரெடிட் பாடத்தின் இந்த ஒரு சறுக்கல் 4.0ஐ 3.96 ஆக்கும், அவ்வளவுதான். ஆனால் ஆம்காஸ் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தனியே ஓர் அறிவியல் ஜிபிஏ போடுகிறது. அந்தப் பாடங்கள் ஐம்பது கிரெடிட் என்றால் அதில் 3.9க்குச் சற்றுக் கீழே இறங்கும். டெக்சாஸ் பள்ளிகளில் பெரும்பாலானவை சேர்ந்து நடத்தும் டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்ற தனி விண்ணப்பச் சேவையோ பிளஸ், மைனஸ் குறிகளைப் பார்ப்பதே இல்லை. அங்கே சி பிளஸ் வெறும் சி, அதாவது 2.0. ஏ மைனஸ் வாங்கியவர்களுக்கு முழு நான்கு கிடைப்பதால் அந்த விதி சிலருக்கு லாபமும்கூட. மகள் பிற்பாடு வாங்கிய இரண்டு ஏ மைனஸ்களைக் காட்டி, டெக்சாஸ் கணக்கு நியாயமானது என்று இப்போது வாதாடுகிறாள்.

அடுத்த கேள்வி, அதே பாடத்தைத் திரும்ப எடுக்கலாமா என்பது. என் கணவர் எடுக்க வேண்டும் என்றார். நம் ஊரில் மறுமுறை எழுதித் தேறினால் பழைய மதிப்பெண் போய்விடும் என்ற நினைப்பு. ஆம்காஸில் அப்படி இல்லை: முதல் முயற்சியும் கணக்கில் வரும், இரண்டாவது முயற்சியும் வரும். கல்லூரி தன் கணக்கில் பழைய மதிப்பெண்ணை நீக்கினாலும் ஆம்காஸ் நீக்காது. சி அல்லது அதற்கு மேல் வாங்கிய முன்தேவைப் பாடம் பொதுவாக ஏற்கப்படுவதால், அதைத் திரும்ப எடுப்பதை விட, அதன்மேல் நிற்கும் அடுத்த பாடத்தில் நன்றாகச் செய்வதே அறிவு என்பது என் தீர்ப்பு. டி வாங்கியிருந்தால் வேறு வழியில்லை, திரும்ப எடுத்தே ஆக வேண்டும். என் மகள் கரிம வேதியியலின் இரண்டாம் பகுதியை உடனே எடுக்காமல் ஓர் ஆண்டு தள்ளிப்போட்டாள், தாண்டிய பொது வேதியியலின் அடிப்படைகளைக் கோடையில் தானாகவே படித்தாள், பிறகு இரண்டாம் பகுதியில் ஏ மைனஸும் உயிர்வேதியியலில் ஏவும் வாங்கினாள். மிச்சம் பிடித்த இரண்டு செமஸ்டரும் அத்தோடு செலவாகிவிட்டன. ஏபி பற்றி இன்னொன்று: சில மருத்துவப் பள்ளிகள் முன்தேவைப் பாடத்துக்கு ஏபி கிரெடிட்டை ஏற்பதில்லை, ஏற்பவையிலும் சில, அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றை எடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஆகவே தாண்டியது உண்மையில் தாண்டியதாகாமலும் போகலாம்.

இனி தேர்வுக்கு வருகிறேன். எம்கேட்டின் இப்போதைய வடிவம் 2015 ஏப்ரலில் வந்தது. நான்கு பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை மதிப்பெண், மொத்தம் 472 முதல் 528 வரை, நடுப்புள்ளி 500. மொத்தம் 230 கேள்விகள், இடைவேளைகளோடு சேர்த்து ஏறக்குறைய ஏழரை மணி நேரம், கால்குலேட்டர் கிடையாது. இந்த வடிவத்தில்தான் உயிர்வேதியியல் பெரிய இடத்தைப் பிடித்தது: வேதியியலும் இயற்பியலும் கலந்த பகுதியில் நான்கில் ஒரு பங்கு, உயிரியல் பகுதியில் நான்கில் ஒரு பங்கு. நான்காவது பகுதியில் உளவியல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சமூகவியல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உயிர்வேதியியலை வகுப்பில் முடிக்காமல் தேர்வுக்குப் போகிறவர்கள் இரண்டு பகுதிகளில் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவிலேயே எழுதிவிடலாம் என்று கோயிலிலும் சங்கக் கூட்டங்களிலும் அறிவுரை சொல்பவர்களிடம் நான் கேட்கும் ஒரே கேள்வி, பிள்ளை உயிர்வேதியியலை எப்போது படித்தது என்பதுதான்.

இன்னொரு பகுதிக்கு முன்தேவைப் பாடமே கிடையாது. கார்ஸ் என்று அழைக்கப்படும் வாசிப்புப் பகுதியில், மெய்யியலோ கலை வரலாறோ சார்ந்த ஒன்பது உரைப்பகுதிகளைக் கொடுத்து 90 நிமிடங்களில் 53 கேள்விகள் கேட்கிறார்கள். வெளி அறிவு எதுவும் வேண்டாம். எழுதியவர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பிடித்தால் போதும். மூன்று மாதப் பயிற்சியில் வந்துவிடும் திறமை இல்லை அது. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் எந்தப் பட்டத்துக்கும் 42 கிரெடிட் பொதுப் பாடங்கள் கட்டாயம். அமெரிக்க வரலாறு ஆறு, அரசியல் ஆறு, மொழி, மெய்யியல், பண்பாடு என்று. "டாக்டருக்குப் படிக்கிறவளுக்கு எதுக்கு டெக்சாஸ் அரசாங்கத்தைப் பத்தி?" என்று நானே கேட்டிருக்கிறேன். இவற்றைக் கோடையில் ஏதாவது இணைய வழி வகுப்பில் கடனே என்று முடித்துவிடுவதுதான் வழக்கம். என் மகள் ஒரு மெய்யியல் பாடத்தை மட்டும் நேரில், இருபது பேர் மட்டுமே உட்கார்ந்த வகுப்பில் எடுத்தாள். வாரம் நாற்பது பக்கம் வாசித்து, இரண்டு பக்கம் எழுதி, அதைச் சிவப்பு மையில் கிழித்துத் தரும் பேராசிரியர். அவள் எம்கேட்டில் அதிக மதிப்பெண் வாங்கியது கார்ஸ் பகுதியில்தான். அந்தப் பேராசிரியர் பின்னாளில் அவளுக்குப் பரிந்துரைக் கடிதமும் எழுதினார். முந்நூறு பேர் உட்காரும் அறிவியல் வகுப்பில் பேராசிரியருக்கு முகம்கூடத் தெரியாது என்பதால், கடிதம் யாரிடம் வாங்குவது என்பதும் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம்.

நாளைக் குறிக்கும் கணக்கு எளிதுதான், ஆனால் நம்மவர்க்குப் பழக்கமில்லாதது. இங்கே விண்ணப்பம் போடுவதற்கும் வகுப்பில் உட்காருவதற்கும் இடையில் ஏறக்குறைய பதினான்கு மாதம். டெக்சாஸ் விண்ணப்பத்தை மே மாதத்தில் அனுப்பலாம், ஆம்காஸ் விண்ணப்பத்தை மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில். நேர்காணல்கள் கோடையின் கடைசியில் தொடங்கிக் குளிர்காலம் வரை நடக்கும். டெக்சாஸில் அக்டோபர் நடுவிலிருந்து சில இடங்கள் நிரப்பப்பட்டு, பிப்ரவரியில் மாணவர் விருப்பத்தையும் பள்ளி விருப்பத்தையும் பொருத்திப் பார்க்கும் மேட்ச் வரும். பல பள்ளிகள் வந்த வரிசையில் பார்த்து வந்த வரிசையில் அழைப்பதால், கெடு நவம்பரில் என்று அச்சிட்டிருந்தாலும் ஜூனில் வந்த விண்ணப்பமும் அக்டோபரில் வந்த விண்ணப்பமும் ஒன்றல்ல. எம்கேட் முடிவு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நான்காம் ஆண்டு முடிந்த கையோடு மருத்துவப் பள்ளியில் சேர வேண்டும் என்றால், மூன்றாம் ஆண்டு முடியும் ஜூனில் மதிப்பெண் கையில் இருக்க வேண்டும். அதாவது ஜனவரியில் எழுதியிருக்க வேண்டும், அல்லது மார்ச் தொடங்கி மே நடுவுக்குள்.

ஜனவரி நாட்கள் பலருக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம், பொதுவாக யாரும் அதைச் சொல்வதில்லை என்றாலும். மூன்றாம் ஆண்டின் முதல் செமஸ்டரில் உயிர்வேதியியல் முடிந்து டிசம்பர் விடுமுறை முழுவதும் கையில் இருக்கும். முந்தைய கோடையிலேயே பாதித் தயாரிப்பு முடிந்திருந்தால் அந்த நான்கைந்து வாரம் போதுமானது. இயற்பியலின் இரண்டாம் பகுதி அப்போது முடிந்திருக்காது என்பது ஒன்றே அதன் குறை. ஏப்ரலும் மேயும் செமஸ்டர் தேர்வுகளோடு மோதும். அந்த நாட்களில் எழுதுபவர்கள் அந்த செமஸ்டரில் பன்னிரண்டு, பதின்மூன்று கிரெடிட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதிலும் ஆய்வகப் பாடம் ஒன்றுக்கு மேல் கூடாது. ஜூனில் எழுதினால் ஜூலையில் மதிப்பெண் வரும், விண்ணப்பத்தை அதற்குள் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லிவிடலாம். மதிப்பெண் இல்லாமலே சரிபார்ப்பு நடக்கும். ஆனால் என்ன மதிப்பெண் என்றே தெரியாமல் எந்தப் பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது?

எங்கள் மஞ்சள் கட்டம் ஏப்ரல் கடைசி வாரத்தில் இருந்தது. அந்த செமஸ்டரில் மகளுக்குப் பதினாறு கிரெடிட், இரண்டு ஆய்வகம், அதோடு வாரம் பத்து மணி நேர ஆராய்ச்சி வேலை. மார்ச்சில் அவள் எழுதிய மாதிரித் தேர்வில் 503. மூன்று வாரம் கழித்து எழுதியதில் 504. மருத்துவப் பள்ளிகளில் சேர்ந்தவர்களின் சராசரி அண்மை ஆண்டுகளில் 511, 512 என்ற அளவில் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் "அம்மா, நான் தள்ளிப்போடலாம்னு பார்க்கறேன்" என்றாள். என் கணவர் பக்கத்தில் இருந்தார். ஒரு வருடம் வீணாகுமே என்றார். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

தள்ளிப்போடலாம் என்று என்னைச் சம்மதிக்க வைத்தது தேர்வின் விதிகளே. எம்கேட்டை ஓராண்டில் மூன்று முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை எழுதலாம். கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் எழுதிய ஒவ்வொரு முறையின் மதிப்பெண்ணும் விண்ணப்பத்தில் பள்ளிகளின் கண்ணில் படும். தேர்வு முடிந்த நொடியில் மதிப்பெண் வேண்டாம் என்று ரத்து செய்யலாம். பணம் திரும்பாது, அந்த முறை எண்ணிக்கையில் சேரும். தேதியை மாற்றுவதற்கோ, அறுபது நாளுக்கு முன், முப்பது நாளுக்கு முன், பத்து நாளுக்கு முன் என்று கட்டணப் படிகள் உண்டு. கடைசிப் பத்து நாட்களில் அசைக்கவே முடியாது. பதினைந்து நாள் இருக்கும்போது நாங்கள் மாற்றினோம். கோடை நாட்களுக்கு ஹியூஸ்டன் மையங்களில் இடமே இல்லை. ஆகஸ்டில் நான்கு மணி நேரத் தொலைவில் ஓர் ஊரில் ஓர் இடம் இருந்தது. முதல் நாளே போய் விடுதியில் தங்கினோம். நான் தயிர் சாதம் கட்டிக்கொண்டு போனேன். அவள் இடைவேளையில் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டாள்.

மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை அவளுக்கு வேறு வகுப்பு இல்லை. காலையில் நான்கு மணி நேரம், மாலையில் இரண்டு, ஞாயிறு விடுமுறை. எம்கேட்டை நடத்தும் ஏஏஎம்சி விற்கும் மாதிரித் தேர்வுகளை வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அதே ஏழரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினாள். செப்டம்பரில் 513 வந்தது. அந்த ஆண்டு விண்ணப்பத்துக்கு அது பிந்திவிட்டது, எனவே 2025 மே மாதத்தில், பட்டம் வாங்கிய அதே மாதத்தில் விண்ணப்பித்தாள். நான்காம் ஆண்டு மதிப்பெண்களும் சேர்ந்ததால் அறிவியல் ஜிபிஏ சற்றே ஏறியிருந்தது. இடைப்பட்ட ஆண்டில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், மருத்துவர் நோயாளியிடம் பேசுவதைக் குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலை பார்க்கிறாள். இந்த ஆகஸ்டில் டெக்சாஸ் பள்ளி ஒன்றில் சேர்கிறாள். அந்த "வீணான" ஆண்டைப் பற்றி நேர்காணல் செய்த ஒவ்வொருவரும் கேட்டார்களாம், ஆர்வமாக. இன்று மருத்துவப் பள்ளியில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் பட்டத்துக்குப் பின் ஓராண்டேனும் இடைவெளி விட்டவர்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு, அதை மறைக்கக் கூடாது. இருபத்தொரு வயது நிறைந்தால் பெற்றோரைச் சார்ந்த அந்த விசா முடிந்து, பிள்ளை மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். பல மாநிலப் பள்ளிகள் குடியுரிமையோ பச்சை அட்டையோ கேட்கும். மத்திய அரசின் கல்விக் கடனும் கிடைக்காது. அவர்களுக்கு இடைவெளி ஆண்டு எளிதான முடிவல்ல. அந்தக் குடும்பங்கள் முதலாம் ஆண்டிலேயே, எந்தெந்தப் பள்ளிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கின்றன என்ற பட்டியலையும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும் பார்த்துவிட வேண்டும்.

கோயிலில் கேட்ட பெண் நேற்று போன் செய்தாள். அவள் மகளுக்கும் ஏபி வேதியியலில் ஐந்து. ஆலோசகர் நேரே கரிம வேதியியலுக்குப் போகலாம் என்றாராம். பொது வேதியியல், உயிரியல், புள்ளியியல், ஆங்கிலம், ஆக பதினான்கு கிரெடிட் போதும் என்று நான் சொன்னேன். "தெரிஞ்ச பாடத்தையே திரும்பப் படிக்கணுமாக்கா?" என்று மகள் பின்னாலிருந்து கேட்டது எனக்குக் கேட்டது. ஆமாம் என்றேன். எம்கேட் நாளைப் பற்றி இப்போது ஒன்றும் குறித்து வைக்க வேண்டாம், அக்டோபரில் முதல் இடைத்தேர்வு முடியட்டும், அப்புறம் பேசுவோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். செமஸ்டரில் வகுப்பு நடக்கும் பன்னிரண்டாவது நாள் எந்தத் தேதியில் வருகிறது என்பதை மட்டும் காலண்டரில் குறிக்கச் சொன்னேன்.